கூட்டுவாழ்வுச் சகோதரியர்: டெவெந்தரிலிருந்து டோனாவூர் வரை

முன்னுரை

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் ஏழு தமிழ்ப் பெண்கள் ஒன்றுகூடிச் சிறு குழுவொன்றாக இணைந்தனர். அவர்களை ஒன்றுகூட்டியவர் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து சேர்ந்த ஏமி கார்மைக்கேல் (1867-1951). திருமணம் செய்துகொள்ளாமல், டோனாவூரில் வளர்ந்துவந்த குழந்தைகளைப் பேணும் பணிக்குத் தம்மை முழுதும் ஒப்படைப்பதே அப்பெண்களின் நோக்கமாக இருந்தது. எனினும் அவர்கள் துறவற வாக்குறுதி எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஒருத்தி மணவாழ்வை விரும்பினால், பழி ஏதுமின்றிக் குழுவிலிருந்து விலகிக்கொள்ளலாம். இக்குழுவிற்குக் கார்மைக்கேல் சூட்டிய ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'கூட்டுவாழ்வுச் சகோதரியர்' எனலாம்.

இப்பெயர் அவருடைய சொந்தப் படைப்பன்று. 14ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெவெந்தர் நகரில் கீர்ட் குரோட்டே என்பார் தோற்றுவித்த 'கூட்டுவாழ்வுச் சகோதரர்' இயக்கத்திலிருந்து அது பெறப்பட்டது. டோனாவூர் பற்றி எழுதியோர் பலரும் இச்செய்தியை ஒரு வரியில் சொல்லிக் கடந்து சென்றுள்ளனர். அந்த ஒரு வரிக்குள் ஒரு மறதி பொதிந்து கிடக்கின்றது. டெவெந்தரில் முதலில் கூடியவர்கள் சகோதரர்கள் அல்லர், சகோதரிகளே. ஆண்களின் இல்லம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அங்குப் பெண்களின் இல்லம் இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் எழுவர்க்கு 1916இல் கிடைத்த பெயர், உண்மையில் ஐந்நூற்று நாற்பது ஆண்டுகட்கு முற்பட்ட பெண்களின் பெயர். அஃது ஆண்களின் பெயராக ஏன் அவர்களை வந்தடைந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

நம் பல்கலைக்கழக வகுப்புகளில் கிறித்துவத் தமிழ் என்றதும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றோம். அப்பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் எழுதவில்லை என்று ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. டெவெந்தரின் கதை அக்காரணத்தை ஐயுற வைக்கின்றது.

ஆசான் கீர்ட்டின் இல்லம்

டெவெந்தர், ஐசல் ஆற்றங்கரையில் அமைந்த வணிக நகரம். வட ஐரோப்பிய வணிகர்களின் ஹன்சா கூட்டமைப்பில் இடம்பெற்றிருந்தது. கீர்ட் குரோட்டே (1340-1384) அந்நகரின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்து, பாரிசில் உயர்கல்வி பெற்று, ஆகன், உட்ரெக்ட் நகரத் திருச்சபைகளின் மானியப் பதவிகளால் வசதியாக வாழ்ந்தவர். 1374ஆம் ஆண்டளவில் அவருக்கு மனமாற்றம் ஏற்பட்டது. பதவிகளைத் துறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம், தமக்கெனச் சிறு பகுதியொன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, பெற்றோர்வழி வந்த வீட்டை ஏழைப் பெண்களின் உறைவிடமாக எழுதிவைத்தார். 'ஆசான் கீர்ட்டின் இல்லம்' என அது வழங்கலாயிற்று.

1379இல் அவர் வகுத்த இல்ல விதிகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. இங்கு வாழ வருவோர் புதிய துறவுச் சபை எதனையும் தொடங்கவில்லை என அவை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. வாக்குறுதி இல்லை, தனிச் சீருடை இல்லை, நுழைவுக்குப் பணம் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் கைகளால் உழைத்துத் தன் உணவைத் தேடிக்கொள்ள வேண்டும். விரும்பாதவள் வெளியேறலாம். இல்லத்தின் மேற்பார்வை துறவுமடம் எதனிடமும் ஒப்படைக்கப்படாமல் நகர மன்றத்தாரிடம் விடப்பட்டது.

குரோட்டே இத்தனை 'இல்லை'களை அடுக்கியதற்குத் தக்க காரணம் உண்டு. அவருக்கு முந்தைய இரு நூற்றாண்டுகளில், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் பெகீன்கள் எனப்பட்ட பெண்கள் மடத்திற்குள்ளும் அடங்காமல் மணத்திற்குள்ளும் அடங்காமல் கூடி வாழ்ந்தனர். நூல் நூற்றும் நோயாளரைப் பேணியும் பிழைத்தனர். திருச்சபைத் தலைமைக்கு அவர்கள் எப்போதும் உறுத்தலாகவே இருந்தனர். 1310இல், அம்மரபோடு இணைத்துப் பேசப்படும் மார்கரீட் பொரேட் என்னும் பெண், பிரெஞ்சு மொழியில் தாம் எழுதிய ஞானநூலைத் திரும்பப் பெற மறுத்ததால் பாரிசில் எரித்துக் கொல்லப்பட்டார். 1311-12இல் கூடிய வியன் சங்கம் பெகீன்களின் வாழ்முறையையே கண்டித்தது. 'பெகீன்' என்பது வசைச்சொல்லாக மாறியிருந்த காலத்தில்தான் குரோட்டே தம் வீட்டின் கதவைப் பெண்களுக்குத் திறந்தார். தம் இல்லத்துப் பெண்கள் பெகீன்கள் அல்லர், புதிய சபையினரும் அல்லர் என அவர் மீண்டும் மீண்டும் சொன்னது ஒரு தற்காப்பு எனலாம்.

ஆண்களின் கூட்டுவாழ்வு இதற்குப் பின்னரே தொடங்கியது. குரோட்டேயின் மாணாக்கரான ஃப்ளோரென்ஸ் ராடவெய்ன்ஸின் வீட்டில், ஏடு படியெடுத்துப் பிழைத்த இளைஞர்கள் 1380களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்தனர். குரோட்டே 1384இல் கொள்ளைநோய்க்கு இரையானார். இருபாலாரையும் உள்ளடக்கிய இவ்வியக்கம் வரலாற்றில் 'தேவோசியோ மொதெர்னா', அதாவது 'புதிய பக்திநெறி' எனப் பெயர் பெற்றது. பக்தி என்றதும் ஆழ்வார், நாயன்மார் பாடல்களின் உருக்கத்தை நினைவுகூரும் நமக்கு இப்பெயர் சற்று மயக்கம் தரக்கூடும். இஃது ஆடலும் பாடலும் தலயாத்திரையும் கொண்ட பக்தியன்று. இராட்டையின் முன் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டே ஒரு வாசகத்தை நாள் முழுவதும் மனத்துள் திருப்பித் திருப்பி எண்ணும் பக்தி. அதற்கு அவர்கள் வழங்கிய இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள், ஆவினம் செய்வதுபோல் அசைபோடுதல் என்பதாகும். தமிழும் அதே உவமையை அதே செயலுக்கு வழங்குவது மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

இவ்வியக்கத்திலிருந்து வெளிவந்து உலகெங்கும் பரவிய நூல், தாமஸ் அ கெம்பிசின் பெயரால் வழங்குவது. தமிழ்க் கத்தோலிக்கர் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என அறிவது. கெம்பிஸ் டெவெந்தரில் ராடவெய்ன்ஸின் ஆதரவில் பயின்ற மாணவர். ஆனால் எண்ணிக்கையில் இவ்வியக்கம் பெரிதும் பெண்களின் இயக்கமாகவே இருந்தது. சகோதரியரின் இல்லங்கள் சகோதரரின் இல்லங்களைவிடப் பன்மடங்கு மிகுதி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெவெந்தரில் மட்டும் ஐந்து சகோதரியர் இல்லங்கள் இருந்தன.

வாக்குறுதியின்றிக் கூடுதல்

1390களில் யோஹன்னஸ் பிரிங்கரிங்க் இவ்வில்லங்களின் ஆன்மிக வழிகாட்டியானபின், தனியுடைமை கைவிடப்பட்டு வருமானம் பொதுவாக்கப்பட்டது. கூட்டுவாழ்வு என்னும் தொடர் சகோதரியரைப் பொறுத்தவரை அப்போதுதான் முழுப்பொருள் பெற்றது. ஓய்வு நாள்களில் அவர் ஆற்றிய எளிய உரைகளைக் கேட்கச் சகோதரியர் கூடினர். கேட்டவற்றுள் மனத்தைத் தைத்தவற்றைத் தாய்மொழியில் குறித்து வைத்தனர். பிரிங்கரிங்கின் உரைகள் இன்று நமக்குக் கிடைப்பது அப்பெண்களின் குறிப்புகளால்தான்.

இக்கூடுகைக்கு எதிர்ப்பு வந்தது. மத்தேயஸ் கிராபோ என்னும் தொமினிக்கத் துறவி, துறவுச் சபைக்கு வெளியே உடைமை துறந்து கூடி வாழ்வது கொடிய பாவம் என வாதிட்டு, வழக்கைக் கான்ஸ்டன்ஸ் சங்கம் வரை கொண்டு சென்றார். 1418இல் பாரிசுப் பல்கலைக்கழகத்தின் பேரறிஞரான ழான் ழெர்சோன் அவ்வாதத்தை மறுத்தெழுதினார். கிராபோவின் கூற்றுகள் கண்டிக்கப்பட்டன. சட்டத்தில் வெற்றி கிட்டிற்று. நடைமுறை வேறாக இருந்தது. ஊராரின் ஐயமும் திருச்சபையின் நெருக்குதலும் தொடர்ந்தமையால், பல இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் விதியையோ அகுஸ்தீனார் விதியையோ ஏற்று முறையான மடங்களாக மாறின. டெவெந்தருக்கு அருகே 1400இல் தோன்றிய டீப்பன்வேன் மடம் அவ்வகையில் புகழ்பெற்றது. ஆசான் கீர்ட்டின் இல்லத்துத் தலைவியாக இருந்த சலோமே ஸ்டிக்கன் அங்குச் சென்று, 1412 முதல் 1446 வரை மடத்தலைவியாக விளங்கினார். பெண்கள் வாழ வேண்டிய நெறிபற்றிய கையேடொன்றும் அவர் பெயரில் உள்ளது.

மடமாக மாறியமை ஏற்றமா இறக்கமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதில் பாதுகாப்பைத் தந்தது. ஓய்வையும் நூலகத்தையும் தந்தது. ஆனால் வெளியேறும் உரிமையை அது பறித்துக்கொண்டது. விரும்பினால் போகலாம் என்னும் நிலையில் ஒருத்தி தங்கியிருப்பதற்கும், போக முடியாது என்னும் நிலையில் தங்கியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. குரோட்டேயின் 1379ஆம் ஆண்டு விதிகளின் உயிர்நிலை அவ்வேறுபாட்டில்தான் இருந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சகோதரியர் ஏடுகள்

டெவெந்தர்ப் பெண்கள் வரலாற்றுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் 'சகோதரியர் ஏடுகள்' என ஆய்வாளர் குறிப்பிடும் தொகுப்புகளாகும். இறந்துபோன சகோதரி ஒவ்வொருத்தியைப் பற்றியும், உயிரோடிருந்த சகோதரியர் தம் நினைவிலிருந்தும் மூத்தோர் வாய்மொழியிலிருந்தும் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் அவை. இலத்தீனில் எழுதப்பட்டவை அல்ல. அவர்கள் அன்றாடம் பேசிய இடைக்கால டச்சு மொழியில் எழுதப்பட்டவை. ஆசான் கீர்ட்டின் இல்லம், லாம்மே வான் டீசே இல்லம், டீப்பன்வேன் மடம், எல்லைக்கு அப்பால் எமெரிக் நகர இல்லம் ஆகியவற்றின் ஏடுகள் இன்றும் உள்ளன.

அவற்றில் அற்புதங்கள் மிகுதியில்லை. இறைவனைக் கண்ணெதிரே கண்ட காட்சிகளும் அருகியே வருகின்றன. அடுக்களை வருகின்றது, துணி வெளுக்குமிடம் வருகின்றது, மாட்டுக்கொட்டில் வருகின்றது. பெருங்குடியில் பிறந்த ஒருத்தி நல்லாடையைக் கழற்றிவிட்டு ஒட்டுப்போட்ட துணியை உடுத்த நாள், சமையற்காரியாக இருந்தவள் பிறர் உணவுக்குக் காட்டிய அக்கறை, சிடுசிடுப்பு மிக்க ஒருத்தி தன் குணத்தோடு போராடிய ஆண்டுகள், மரணப்படுக்கையில் உதிர்ந்த சொற்கள் ஆகியவை அவற்றில் நிறைந்துள்ளன. குற்றங்குறைகளும் மறைக்கப்படவில்லை. புனிதர் வரலாறுகளின் உயர்ந்த தொனியை எதிர்பார்த்துச் செல்வோர்க்கு இவை ஏமாற்றம் தரக்கூடும். சமூக வரலாறு நாடிச் செல்வோர்க்கு இவற்றினும் சிறந்த சான்று அக்காலத்தில் அரிது. இக்கட்டுரையாளர் மேலைநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் இவற்றின் பகுதிகளை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்க நேர்ந்தது. ஒரு பெண்ணின் தாய்மொழிச் சொல்லை மூன்றாம் மொழி வழியாகக் கேட்கும் அந்நிலை, டோனாவூர்ப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போது மீண்டும் நேரப்போகின்றது என்பது அப்போது தோன்றவில்லை.

பெண்கள் எழுதுவதற்கும் எல்லை வகுக்கப்பட்டது. 1455இல், டீப்பன்வேன் உள்ளிட்ட மடங்களை ஆண்ட விண்டஸ்ஹைம் பொதுப்பேரவை, கன்னியர் எவரும் தத்துவ நூல்களையோ தமக்குக் கிட்டிய வெளிப்பாடுகளையோ எழுதவும் மொழிபெயர்க்கவும் கூடாது எனத் தடை விதித்தது. மீறுவோர்க்குச் சிறை என்றது. கெண்ட் நகர மடத்தலைவி அலெய்ட் பாக்கே, தம் ஆன்மிக அனுபவங்களைத் தன்வரலாறாக எழுதியவர். அவர் பதவி நீக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டதும், இறந்ததும் அக்காலத்திலேயே. தடையின் சொற்களைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். இறந்துபோன சமையற்காரியைப் பற்றி எழுதலாம். உனக்குள் நிகழ்ந்ததை எழுதக்கூடாது. சகோதரியர் ஏடுகள் பிழைத்துக்கொண்டதற்கு அவற்றின் எளிமையும் ஒரு காரணமாகலாம்.

பிழைத்தவை நெடுங்காலம் அச்சேறவில்லை. சகோதரரின் வரலாறு அவ்வாறன்று. குரோட்டே, ராடவெய்ன்ஸ், அவர்தம் மாணாக்கர் ஆகியோரின் வாழ்க்கையைக் கெம்பிஸ் இலத்தீனில் எழுதினார். இலத்தீன் என்பதால் அது நாடு கடந்தது, அச்சிலும் வந்தது, 1905இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. மறுபுறம், டீப்பன்வேன் ஏடு 1904இல்தான் இடைக்கால டச்சு மூலத்தில் அச்சேறியது. இயக்கத்தின் தாய்வீடாகிய ஆசான் கீர்ட்டின் இல்லத்து ஏட்டினை டி மான் என்பார் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு 1919. அதாவது, டோனாவூரில் எழுவர் கூடியதற்கு மூன்றாண்டுகட்குப் பின். 1916இல் கார்மைக்கேல் பெயர் தேடியபோது, ஆங்கிலம் வாசிக்கும் ஒருவரின் கைக்கு எட்டக்கூடியவர்கள் சகோதரர்கள்தாம். பெண்கள் எழுதவில்லை என்பதன்று. எழுதிய மொழியிலிருந்து அவர்களை வெளிக்கொணர எவரும் விரையவில்லை என்பதே உண்மை.

திருநெல்வேலிச் சூழல்

டோனாவூர் என்பது டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ரேனியஸ் ஐயரின் காலத்தில் உருவான கிறித்துவச் சிற்றூர். திருநெல்வேலியின் சீர்திருத்தக் கிறித்துவ வரலாறோ அதனினும் பழையது. ஒரு கைம்பெண்ணிடமிருந்து தொடங்குவது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண் ஒருவர் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா ஆனார். அவர் பாளையங்கோட்டையில் எழுப்பிய சிற்றாலயம் 1785இல் திறக்கப்பட்டது. அவருடைய கதையை நாவலாக்கியவர் அ. மாதவையா. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவர், 1915இல் வெளிவந்த அந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழாக்கம் பின்னரே வந்தது.

இப்பகுதிக்குப் பெண் துறவியரின் கூட்டுவாழ்வு அயலானதன்று. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையின் சமணக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் இடம்பெறுகின்றனர். வடக்கே வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடாலில் கனகவீரக் குரத்தியார் என்பார் ஐந்நூறு மாணவியரோடு விளங்கியதை முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு குறிக்கின்றது. அம்மரபு அறுந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1890களின் திருநெல்வேலிச் சிற்றூரில், கணவனோ தந்தையோ உடன்வராமல் பெண்கள் கூட்டமாக ஊர்விட்டு ஊர் சென்றது கண்டோரைத் திகைக்க வைத்தது.

கார்மைக்கேல் 1896இன் இறுதியில் திருநெல்வேலிக்கு வந்து, பண்ணைவிளையில் தாமஸ் வாக்கர் ஐயரோடு இணைந்து பணியாற்றத் தொடங்கினார். அப்போது உருவான பெண்கள் குழு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றது. பெண்களோடு பேச வீட்டின் உட்புறம் வரை செல்ல ஆடவர்க்கு வழியில்லை; இவர்களுக்கு இருந்தது. ஊரார் அவர்களை விண்மீன் கூட்டம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்ததாகக் கார்மைக்கேல் எழுதுகின்றார். பலன் குறைவு; எதிர்ப்பு மிகுதி. அதனை அவர் மறைக்கவில்லை. அவ்வனுபவங்களை எழுதி அனுப்பிய கைப்படி ஊக்கம் குலைப்பதாக உள்ளது எனத் தாயகத்தில் முதலில் ஏற்கப்படவில்லை, 1903இல்தான் நூலாயிற்று.

அக்குழுவின் நடுநாயகமாக விளங்கியவர் பொன்னம்மாள். இளமையிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டில் ஒடுங்கிக் கிடந்தவர். 1897இல் குழுவில் சேர்ந்தார். அவரைப்பற்றிக் கார்மைக்கேல் சொல்லும் நிகழ்ச்சியொன்று நகையோடு தொடர்புடையது. குழுவினரின் பேச்சைக் கேட்க நின்ற சிறுமியொருத்தி, தானும் வளர்ந்து இக்கூட்டத்தில் சேர்ந்தால் அந்த அக்காளைப்போல் நகை அணியலாம் எனச் சொன்னாளாம். அது பொன்னம்மாளின் செவியில் விழுந்தது. தாம் சொன்னவை எவையும் அச்சிறுமியை எட்டவில்லை, தம் நகையே எட்டியது என உணர்ந்த அவர் நகைகளைக் கழற்றினார். பிறரும் பின்பற்றினர்.

வெளிநாட்டு வாசகர்க்கு இஃது எளிமையின் அடையாளமாகத் தோன்றியிருக்கும். தமிழ்ச் சூழலில் இதன் கனம் வேறு. பெண்ணுக்கு நகை அணிகலன் மட்டுமன்று. அவளுக்கென இருக்கும் ஒரே சொத்து. பிறந்த வீட்டின் மதிப்பு. மூளிக் கழுத்தோடும் காதோடும் நிற்பவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கிறித்துவக் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல. டெவெந்தரில் நல்லாடை கழற்றிய பெருங்குடிப் பெண்ணுக்குத் தங்க ஓர் இல்லம் இருந்தது. பொன்னம்மாள் நகை கழற்றிய நாளில் இவர்களுக்கென நிலையான இல்லம் அமைந்திருக்கவில்லை.

இல்லம் அமைந்தது குழந்தைகளால். கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமியொருத்தி 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து பலர் வந்தனர். பணி டோனாவூரில் நிலைகொண்டது. கோயில்சார் மகளிரின் கலைமரபு, சொத்துரிமை, சமூக நிலை ஆகியன பற்றி அண்மைக் கால ஆய்வுகள் காட்டும் படம், கார்மைக்கேல் தீட்டிய படத்தைவிடச் சிக்கலானது என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். ஆயினும் பச்சிளங் குழந்தைகள் கைமாறியதும் உண்மை. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கைக்குழந்தைகளுக்கென மருத்துவ வசதியுள்ள நெய்யூரில் தனிக் காப்பகம் தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பு பொன்னம்மாளிடம் விடப்பட்டது. பால் கலக்குவது முதல் இரவுக் காவல் வரை அனைத்தையும் ஒழுங்குபடுத்தியவர் அவர். விண்மீன் கூட்டத்தில் நற்செய்தி சொல்லித் திரிந்த பெண்கள் இப்போது அணையாடை துவைத்தனர். இது ஊழியமாகுமா என்னும் கேள்வி எழாமலில்லை. ஆன்மிகப் பணி, உலகப் பணி என்னும் பிரிவே இல்லை என்பது டோனாவூர் கண்ட விடை. டெவெந்தரின் அடுக்களையிலும் அதே விடைதான் கண்டறியப்பட்டிருந்தது.

பொன்னம்மாள் புற்றுநோயுற்று 1915 ஆகஸ்டில் மறைந்தார். அடுத்த மார்ச்சில் எழுவர் கூடினர். அவர் விட்டுச்சென்ற இடத்தை எவரேனும் ஒருத்தியால் நிரப்ப இயலாது, ஒரு குழுவால்தான் இயலும் என்னும் எண்ணம் அக்கூடுகையின் பின்னணியில் இருந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

'பொது' என்னும் சொல்

குழுவின் பெயரை நாம் 'கூட்டுவாழ்வு' என மொழிபெயர்த்தோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பொதுவாழ்வு' என்பதேயாகும். இன்றைய தமிழில் அச்சொல் அரசியல் பணியைக் குறிப்பது ஒரு தடை. அதனினும் பெரிய தடையொன்று உண்டு. 'பொது' என்னும் அடையைப் பெண்ணோடு சேர்த்தவுடன் தமிழில் அது பழிச்சொல்லாகிவிடுகின்றது. பொதுமகளிர் என்பதன் பொருளை நிகண்டுகள் சொல்லும். 'வரைவின் மகளிர்' அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் 'பொதுநலத்தார்' என்னும் சொல்லும் அத்தகையதே. இடைக்கால ஐரோப்பிய மொழிகளிலும் இதே இழிபொருள் இருந்தது. ஓர் ஆணுக்கு உரியவள் அல்லாதவள் எல்லார்க்கும் உரியவள் என்னும் எண்ணம் இரு நிலங்களிலும் மொழிக்குள்ளேயே ஊறிக் கிடந்தது. எவர் பொதுமகளிர் ஆகிவிடக்கூடும் என அஞ்சிக் குழந்தைகளைக் காத்தனரோ, அதே வேரடியான சொல்லைத் தம் வாழ்வுக்குப் பெயராக இப்பெண்கள் ஏற்றனர். ஆங்கிலப் பெயராக இருந்தமையால் அதன் கூர்மை வெளியே தெரியவில்லை.

ஆங்கிலம் மறைத்தது இது மட்டுமன்று. கார்மைக்கேல் எழுதிய நூல்கள் 35 அளவில் உள்ளன. அனைத்தும் ஆங்கிலத்தில், கடல் கடந்த வாசகர்க்கென எழுதப்பட்டவை. பொன்னம்மாளின் வரலாறு 1918இல் வெளிவந்தது. அன்பும் நன்றியும் ததும்பும் நூல் அது. தம்மினும் பொன்னம்மாளே சிறந்தவர் என உணர்ந்த ஒருவர் எழுதியது எனப் படிப்போர்க்குத் தெளிவாகத் தோன்றும். எனினும் பொன்னம்மாள் பேசும்போதெல்லாம் ஆங்கிலத்தில் பேசுகின்றார். நெய்யூர்க் காப்பகத்தில் நள்ளிரவில் அழும் குழந்தையை அவர் எந்தத் தமிழில் அமர்த்தினார், உடனிருந்த பெண்களை எப்படி முறை சொல்லி அழைத்தார் என்பவை அந்த ஆங்கிலத்துள் கரைந்துவிட்டன. இதற்காகக் கார்மைக்கேலைக் குறைகூறுதல் முறையன்று. அவர் எழுதியிராவிட்டால் பெயர்கூட நமக்குக் கிட்டியிராது. குறை, தமிழில் கேட்டு எழுதியிருக்க வேண்டிய நம்மவர் மீதும் உண்டு. மாதவையா போன்ற பெருந்தமிழ் எழுத்தாளரே குளோரிந்தாவை ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது.

1918இல் பொன்னம்மாளின் வரலாறு, 1919இல் டெவெந்தர்ச் சகோதரியரின் ஏடு என இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அச்சேறின. முன்னதில் தமிழ்ப் பெண்ணொருத்தியின் வாழ்வை, அவளை நேசித்த அயல்நாட்டுப் பெண் தன் மொழியில் எழுதித் தன் பெயரை இட்டிருக்கின்றார். பின்னதில் நூற்பு அறையில் அருகருகே அமர்ந்திருந்தவர்கள், போய்விட்டவளைப் பற்றித் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதியிருக்கின்றனர். எழுதியவள் பெயர் அதில் இல்லை. அடுப்படியில் நின்றவளின் பெயர் இருக்கின்றது.